ரதியின் தாடை

2022 ஜூன் மாதம், இலங்கை முழுவதும் எரிபொருள் தட்டுப்பாடாக இருந்த நாட்களில், ஹட்டனில் டீசலுக்காக இரண்டு பகலும் ஓர் இரவும் வரிசையில் கிடந்தோம். வேன் தம்பியுடையது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பழைய டொல்பின் வேன். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி வந்து, பல கை மாறி எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தது. சாவியைத் திருப்பினால் இன்றைக்கும் ஒரு ஜப்பானியப் பெண்குரல் ஏதோ சொல்லிவிட்டுத்தான் ஓயும். அது என்ன சொல்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் அதற்கு "வணக்கம் அக்கா" என்று பதில் சொல்வார்கள்.

இரண்டாம் நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. தம்பி பின் இருக்கையில் தூங்கிவிட்டான். செய்வதற்கு எதுவும் இல்லாமல் முன்பக்கத்து அறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். காப்புறுதிப் பத்திரம், உடைந்த பேனைகள், பிள்ளைகள் விட்டுப்போன தலைமுடிப் பட்டிகள். எல்லாவற்றையும் எடுத்த பிறகு, அறையின் பின்சுவருக்கும் தகட்டுக்கும் இடையில் ஏதோ செருகிக்கொண்டிருப்பது கையில் பட்டது. இழுத்தேன். ஓர் அஞ்சலட்டை. ஓரத்தில் ஈரக்கறை படிந்திருந்தது. படம் மட்டும் தெளிவாக இருந்தது.

மேலே குவித்துக் கட்டிய கூந்தல், நீண்ட முகம், கோடு போலச் சிறுத்து மேல்நோக்கி இழுத்த கண்கள், சிறிய வாய். பின்னணி முழுவதும் கருஞ்சாம்பல். உடுத்தியிருந்தது பெண்ணுடை. ஆனால் அந்த முகத்தில் இளக்கமே இல்லை. எலும்பு தெரிகிற முகம். பெண்ணாக நிற்கிற ஒருவரின் உள்ளே ஓர் ஆண் அமைதியாக நின்று நம்மைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறான். பார்த்த மாத்திரத்தில் என் வாயிலிருந்து வந்த சொல் "பெரியப்பா".

பெரியப்பா எங்கள் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் ரதி வேடம் கட்டியவர்.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி மாதம் அமாவாசைக்குப் பிறகு பிறை கண்டு, தோட்டத்துக் காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ஒவ்வோர் இரவும் காமன் கூத்து. தவத்தில் இருக்கும் சிவனின் மீது மலர்க்கணை விட மன்மதனை அனுப்புகிறார்கள் தேவர்கள். போகாதே என்று மறிக்கிறாள் ரதி. அவன் போகிறான், எரிகிறான். அவள் அழுகிறாள். கடைசியில், அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவான் என்று வரம் கிடைக்கிறது. இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் நடந்து வந்த எங்கள் முன்னோர் கொண்டுவந்த சொத்துகளில், அடகு வைக்க முடியாமல் போனவற்றில் இதுவும் ஒன்று. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் கூட உண்டு. எனக்குக் காமன் கூத்துத்தான் உயிர். அதில் ரதி எப்போதும் ஓர் ஆண்.

பெரியப்பாவுக்குப் பகலில் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து விரல் கணுக்கள் முடிச்சு முடிச்சாக நிற்கும். மீசை அடர்த்தியானது. மாசி அமாவாசைக்கு மறுநாள் அவர் மீசையை எடுத்துவிடுவார். விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அந்த முகத்தோடு போய் நின்றால், "காமன் வந்துவிட்டது" என்று எல்லோருக்கும் தெரியும். கலண்டர் தேவையில்லை. மலையின் வெயிலிலும் பனியிலும் கறுத்த முகத்தில், மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். இரவு முத்துவெள்ளை பூசினால் கூட அந்தப் பட்டையின் நிறம் வேறாகத்தான் இருக்கும். சிறுமியாக இருந்தபோது நான் கூத்தில் அதைத்தான் பார்ப்பேன். தப்புப் பறை ஓங்கி அடித்து நின்று, ரதி வெள்ளைச் சேலையில் மண்ணில் விழுந்து அழும்போது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த மேலுதடு நடுங்கும்.

வரிசை நகராத அந்த மாலையில் கைபேசியை அஞ்சலட்டையின் பின்புற எழுத்துகள்மீது பிடித்துப் பிடித்துப் பெயர்களைக் கண்டுபிடித்தேன். வரைந்தவர் ஷாரக்கு. படத்தில் இருப்பவர் இரண்டாம் செகாவா டோமிசபுரோ, கபுகி என்கிற ஜப்பானிய நாடகத்தின் நடிகர். அவர் தாங்கிய பாத்திரம் யதோரிகி, ஒரு சாமுராயின் மனைவி. 1794 ஆம் ஆண்டு எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், மியாக்கோ அரங்கில் நடந்த நாடகம். இந்த டோமிசபுரோவுக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் "வெறுப்பூட்டும் டோமி" என்கிற பொருளில் வரும் என்று பிறகு படித்தேன். முகம் அப்படி. ஆனால் மேடையில் அவருக்குப் பாத்திரங்கள் குறையவில்லை.

அன்றிலிருந்து இந்த நடிகர் படங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். நான் சித்திரப் பாட ஆசிரியை. உயர்தர வகுப்பில் மரச்செதுக்கு அச்சு என்று ஒரு பந்தியில் சொல்லிவிட்டுப் போனவள்தான் நானும். அந்தப் பந்திக்குள் இவ்வளவு பெரிய ஊர் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் தலைமுடி விஷயம். கபுகியைத் தொடங்கிவைத்தவர்கள் பெண்கள். 1629 இல் ஆட்சியாளர்கள் பெண்கள் மேடையேறுவதைத் தடைசெய்தார்கள். பிறகு அழகான இளைஞர்கள் பெண் வேடம் கட்டினார்கள். 1652 இல் அவர்களுக்கும் தடை. வளர்ந்த ஆண்கள் மட்டும் நடிக்கலாம், அவர்களும் வளர்ந்த ஆண்களைப் போல நெற்றிக்கு மேலே முன்தலையைச் சிரைத்திருக்க வேண்டும் என்று கட்டளை. முன்தலை மொட்டையாக இருந்தால் பெண்ணாக எப்படித் தோன்றுவது? அந்த இடத்தை மறைக்க ஊதா நிறத் துணி ஒன்றை வைத்துக்கொண்டார்கள். வெட்கத்தை மறைக்க வைத்த துணி, காலப்போக்கில் பெண் வேடக்காரர்களுக்கே உரிய அழகாக ஆகிவிட்டது. பழைய படங்களில் அந்த ஊதாத் துண்டைத் தேடிப் பாருங்கள். கூந்தலின் முன்னால் சிறியதாக இருக்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின் வெளுத்த மேலுதடு ஞாபகம் வருகிறது. ஒருவருக்கு முன்முடி போனது, மற்றவருக்கு மீசை. இருவருடைய முகத்திலும் அந்த இடம் மட்டும், இவன் ஆண் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

டீசல் கிடைத்து ஊர் திரும்பிய அன்றே அஞ்சலட்டையை எடுத்துக்கொண்டு பெரியப்பாவின் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. நெஞ்சுச் சளியோடு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சேலை கட்டின ஆண்பிள்ளை" என்றார்.

"எப்படித் தெரிந்தது பெரியப்பா?"

"கழுத்தைப் பார் பாப்பா. தலையைத் தாங்குகிறது. பெண்ணாக நிற்கும்போது முதலில் நாம் இறக்க வேண்டியது கழுத்தைத்தான். இவன் இறக்கியிருக்கிறான். ஆனால் வரைந்தவன் அதற்கு முந்திய நொடியைப் பிடித்துவிட்டான்."

பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் இருக்கும் எழுத்துகளைத் தடவினார். "இவனை எவ்வளவு நேரம் ஒருத்தன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்" என்றார். கேள்வியா, வியப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அட்டையை என்னிடம் தந்துவிட்டுப் பெரியம்மாவிடம் தேத்தண்ணீர் கேட்டார்.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. இருபத்திரண்டு மாசிகள் அவர் ஆடினார். எங்கள் தோட்டத்திலும் பக்கத்துப் பிரிவுகளிலும் எத்தனை ஆயிரம் கண்கள் அவரைப் பார்த்திருக்கும். ரதியாக அவருடைய ஒரு படம் கூட இல்லை. ஒரேயொரு முறை டவுனிலிருந்து படம் பிடிக்கிறவர் வந்தாராம். அந்தப் படத்தில் எல்லா வேடக்காரர்களும் வரிசையாக நிற்பார்கள், முகங்கள் நெல்மணி அளவு. அதுவும் லயத்துக் கூரை ஒழுகியதில் கரைந்துபோனது.

ஷாரக்குவின் கதைக்கு வருகிறேன். அவர் யார் என்பதே விவாதமாக இருக்கிறது. அவா பகுதிப் பிரபுவின் சேவையில் இருந்த சைத்தோ ஜூரோபெய் என்ற, "நோ" என்கிற இன்னொரு ஜப்பானிய நாடக வகையின் நடிகர்தான் அவர் என்பது பலர் ஏற்கும் கருத்து. அது உண்மையானால், ஒரு நடிகர்தான் நடிகர்களை அப்படிப் பார்த்திருக்கிறார். 1794 நடுப்பகுதியில் திடீரென்று தோன்றினார். முதல் தடவையிலேயே 28 பெரிய மார்பளவுப் படங்கள். எல்லாவற்றுக்கும் அபிரகத் தூள் (மைக்கா) கலந்த கருமையான பின்னணி. அசைத்துப் பார்த்தால் மினுங்கும். அரங்கில் முகத்தின் அருகே விளக்கைக் கொண்டுபோனால் பின்னால் இருட்டு எப்படி மினுங்குமோ அப்படி. சுமார் பத்து மாதங்களில் 140க்கும் மேற்பட்ட படங்கள். 1795 தொடக்கத்தோடு நின்றுபோனார். பிறகு ஒரு கோடு கூட இல்லை.

அவருடைய படங்களை வெளியிட்டவர் ட்சுதாயா ஜூசபுரோ. 1791 இல், தடைசெய்யப்பட்ட வகைப் புத்தகங்களை வெளியிட்டதற்காக இவருடைய சொத்தில் பாதியை அரசு தண்டமாக எடுத்துக்கொண்டது. எழுதியவருக்கு ஐம்பது நாள் கைவிலங்கு. அப்படி அடிபட்ட மனிதர், மூன்று வருடம் கழித்து, பெயர் தெரியாத ஓர் ஓவியரை நம்பி விலையுயர்ந்த அபிரகத்தைக் கொட்டி 28 படங்களை ஒரேயடியாக இறக்குகிறார். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

ஷாரக்கு நின்றுபோனதற்கு அந்தக் காலத்து எழுத்தாளர் ஓத்தா நன்போ சொன்ன காரணம்: நடிகர்களின் உண்மையை அளவுக்கு மீறி வரையப் பார்த்தார், அதனால் உலகத்தில் நெடுநாள் நிலைக்கவில்லை. அதே வருடங்களில் உத்தாகவா தொயோகுனி என்பவர் அரங்கத்து நடிகர்களை முழு உருவமாக, மிடுக்காக வரைந்தார். மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். ரசிகர்களை நான் குறை சொல்லமாட்டேன். நூடில்ஸ் ஒரு கிண்ணத்துக்குக் கொடுக்கும் காசை எண்ணிக் கொடுத்துப் படம் வாங்குகிற ஒரு பெண், தன் மனம் கவர்ந்த நடிகரின் கிழட்டுக் கன்னத்தையா சுவரில் ஒட்டுவாள்? ஆனாலும் நான் ஷாரக்குவின் பக்கம்தான். அழகாக வரைந்திருந்தால் அந்த அஞ்சலட்டையில் நான் ஒரு ஜப்பானியப் பெண்ணைத்தான் பார்த்திருப்பேன். பெரியப்பாவைப் பார்த்திருக்க மாட்டேன்.

இன்னும் பழைய காலத்தில் முகங்களே வேறுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோரி என்ற ஓவியர் குடும்பம் அரங்கு வாசல்களுக்குப் பெரிய விளம்பரப் படங்களும் அச்சுப் படங்களும் வரைந்தது. அவற்றில் எல்லா நடிகருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். உடையில் இருக்கும் குலச்சின்னத்தைப் பார்த்துத்தான் யார் என்று அறிய வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் இருந்தால் இச்சிகவா தன்ஜூரோ, தலைமுறை தலைமுறையாக நடிகர்கள் தாங்கி வந்த பெயர். அரிசி அளக்கும் மரப்படிகள் மூன்றை மேலிருந்து பார்த்த வடிவம் அது. 1770 அளவில் கத்சுகவா ஷுன்ஷோ போன்றவர்கள்தான் இவன் மூக்கு இது, அவன் கன்னம் அது என்று வரையத் தொடங்கினார்கள். எங்கள் கலண்டர்களில் வருகிற ரதிகளுக்கும் ஒரே முகம்தான். சின்னம் பார்த்துத்தான் அறிகிறோம். கையில் கிளி இருந்தால் ரதி.

அச்சடிக்கும் முறையைப் பற்றிப் படித்தபோது, எனக்குத் தூக்கம் போனது. ஓவியர் மெல்லிய தாளில் தூரிகையால் வரைவார். அந்தத் தாளைக் காட்டுச் செரி மரப் பலகையில் முகம் குப்புற ஒட்டுவார்கள். செதுக்குபவர் அந்தத் தாளின் ஊடாகவே உளியை ஓட்டுவார். பலகை முடியும்போது ஓவியரின் கைபட்ட மூலப் படம் சுக்குநூறாகிப் போயிருக்கும். நூற்றுக்கணக்கான படங்கள் பிறப்பதற்கு அந்த ஒரு படம் அழிய வேண்டும். முகத்தையும் கூந்தலையும் தலைமைச் செதுக்குநர்தான் செதுக்குவார். நெற்றியோரத்தில் ஒவ்வொரு மயிர்க்கோடாக விட்டு இரண்டு பக்கத்து மரத்தையும் எடுப்பது அவருடைய வேலை. உடையை இளையவர்கள் செதுக்குவார்கள். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகை. எல்லாப் பலகையின் மூலையிலும் ஒரு மடிப்பு வெட்டும், விளிம்பில் ஒரு நேர் வெட்டும் இருக்கும். தாளை அந்த இரண்டிலும் பொருத்தி வைத்தால் நிறம் கோட்டைத் தாண்டாது. மூங்கில் மடலால் பொதிந்த வட்டக் கட்டையால் தாளின் முதுகைத் தேய்த்தே அச்சு. எந்திரம் கிடையாது. முகத்தின் வெண்மை பெரும்பாலும் வண்ணமே அல்ல, தாளின் வெண்மை.

பெரியப்பா அந்த வருடம் ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு கிழமையில் காலமானார்.

லயத்தின் முன்னால் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்ட வேண்டும். படம் வேண்டும். இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. எங்கள் மக்களுக்கு அடையாள அட்டைப் படம் என்பது சின்ன விஷயம் அல்ல. 1948 இல் குடியுரிமை போனது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். 2003 இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் எஞ்சியிருந்தவர்களுக்கு வழி பிறந்தது. பெரியப்பா அந்த அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஆனால் அந்தப் படத்தில் அவர் எப்படி இருந்தார்! யாரோ அதட்டியதற்கு அசையாமல் நின்ற முகம். டவுனில் கடைக்காரப் பையன் அதைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் வெண்மேகமும் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு போட்டுக் கொடுத்தான். அவன் குறை எதுவும் வைக்கவில்லை. அந்தப் பதாகையின் கீழே நின்று அழும்போது, நான் வேறு யாருக்கோ அழுவதுபோல இருந்தது.

கபுகி நடிகர் இறந்தால் எடோவில் அஞ்சலிப் படங்கள் விற்பார்கள். இறந்தவர் பெரும்பாலும் வெளிர்நீல உடையில் இருப்பார். இறந்த நாளும் துறவுப்பெயரும் எழுதியிருக்கும், சில படங்களில் அவர் எழுதிய கடைசிக் கவிதையும். எட்டாம் தன்ஜூரோ 1854 இல் ஒசாகாவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வயது. பெண்கள் பித்துப்பிடித்து ரசித்த நடிகர். நூற்றுக்கும் மேற்பட்ட அஞ்சலிப் படங்கள் வெளிவந்தன. அவற்றில் ஒரு வகை எனக்கு மிகப் பழகியதாகப் பட்டது. தன்ஜூரோ படுத்திருக்கிறார், சுற்றிலும் பெண்கள் கதறுகிறார்கள். புத்தரின் பரிநிர்வாணக் காட்சி மாதிரியே. பொலன்னறுவைக்குச் சுற்றுலா போன எந்தப் பிள்ளையும் கண்டுகொள்ளும்.

பதாகைக்கு ரதியின் படம் என்று ஒன்று இருந்திருந்தால் வைத்திருப்பார்களா? பெரியவர்கள் சம்மதித்திருக்க மாட்டார்கள். இறப்பு வீட்டில் வேடம் எதற்கு என்றிருப்பார்கள். எனக்கும் வாதாடத் தெரிந்திருக்காது. ஆனால் படம் இல்லாததால் அந்தப் பேச்சு எழவே இல்லை. அதுதான் என்னை அரித்தது.

உண்மையில் ஒரு படம் இருந்தது. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அடுப்புக் கரியால் எங்கள் காம்பராவின் வெளிச்சுவரில் பெரியப்பாவை ரதியாக வரைந்தேன். பெரிய தாடை, அதற்குக் கீழே மாலை, கையில் கிளி. போகிறவர்கள் நின்று பார்த்து "அண்ணன்தான், அவரேதான்" என்றார்கள். யாரோ பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று அடுத்த மாதம் லய வரிசை முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். அதோடு அது போயிற்று.

இந்தச் சுவரை எனக்குத் திருப்பித் தந்தவர் உத்தாகவா குனியோஷி. 1842 இல் எடோவில் சிக்கனச் சீர்திருத்தம் என்று சொல்லி, நடிகர்களின் படங்களை அச்சிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அரங்குகளை நகரின் விளிம்புக்குத் தள்ளினார்கள். ஏழாம் தன்ஜூரோவை ஆடம்பரக் குற்றம் சொல்லி எடோவிலிருந்தே விரட்டினார்கள். சில வருடம் கழித்து குனியோஷி ஒரு படத்தொகுதி வெளியிட்டார். ஒரு களஞ்சியத்தின் வெள்ளைச் சுவர், அதில் யாரோ ஆணியால் கிறுக்கியது போன்ற கோணல்மாணலான தலைகள். நடிகர் படம் ஒன்றும் இல்லை, சுவர்க் கிறுக்கல். ஆனால் அந்தக் கோணல் முகங்கள் ஒவ்வொன்றும் யாருடையவை என்று நாடகம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அவ்வளவு தேர்ந்த கை, வேண்டுமென்றே குழந்தையின் கையாக மாறியிருக்கிறது. அதைப் பார்த்த இரவுதான், பெரியப்பாவை நானே செதுக்குவது என்று முடிவெடுத்தேன்.

செரி மரத்துக்கு எங்கே போவது? முதலில் தேயிலைப் பெட்டிப் பலகையில் முயன்றேன். ஒட்டுப்பலகை உளி பட்டதும் செதில் செதிலாகப் பெயர்ந்தது. சவுக்குப் பலகையில் உடைக் கோடுகள் வந்தன, முடிக்கோடு வரவில்லை, நாரோடு பிளந்துகொண்டு போனது. பாடசாலைக் காவலாளி ஐயாதான் சொன்னார், "பம்பரம் எதில் செய்வோம் டீச்சர்? கொய்யாவில் பாருங்கள்." கொய்யா இறுக்கமான மரம், நார் மிக நெருக்கம். ஆனால் எவ்வளவு முதிர்ந்த மரமானாலும் பலகை உள்ளங்கை அகலத்துக்குமேல் கிடைக்காது. கிளி இல்லை, மாலை இல்லை, முகம் மட்டும்தான் அடங்கும். அது நல்லதாகப் போயிற்று.

தாளுக்கும் தட்டுப்பாடான வருடம் அது. பரீட்சைக்கே தாள் இல்லாமல் தள்ளிப்போட்ட காலம். வெசாக் கூடு ஒட்டுகிற மெல்லிய தாளில் அடித்துப் பார்த்தேன், ஈரம் பட்டதும் கிழிந்தது. கடைசியில் ஒரு மாணவியின் பழைய சித்திரக் கொப்பியிலிருந்து வெற்றுத் தாள்களைக் கேட்டு வாங்கினேன். நீர்வண்ணத்தோடு அரிசிமாக் கஞ்சி கலந்தேன். தேய்ப்பதற்குச் சிரட்டை. மூலையில் மடிப்பு வெட்டு, விளிம்பில் நேர் வெட்டு. எடோக்காரர்கள் சொன்னபடியே. முதல் முறை மூன்று நிறங்களும் கோட்டுக்குள் நின்றபோது சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

முதல் பலகை முடிந்து படத்தைப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். அகன்ற கண், வில் போன்ற புருவம், நெற்றிச்சுட்டி. அவர் நன்றாகத்தான் பார்த்தார்.

"இது யார் ஆயி?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அஞ்சலட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். செய்த பிழை தெரிந்தது. நான் தொயோகுனியாகியிருந்தேன். இருபத்திரண்டு வருடம் பார்த்த முகத்தை மறந்து, கலண்டர் ரதியைச் செதுக்கியிருந்தேன்.

இரண்டாவது பலகைக்கு மூன்று மாதம் ஆனது. தாடையிலிருந்து தொடங்கினேன். அதைச் செதுக்கும்போது அது எவ்வளவு அகலம் என்று என் விரல்களுக்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து பெரட்டுக்களத்தைக் கடக்கும்போது பிடித்துக்கொண்ட தாடை அது. கண்ணைச் சிறிதாக்கினேன். கழுத்தை, அவர் சொன்னது போலவே, இறக்குவதற்கு முந்திய நொடியில் நிறுத்தினேன். முகத்துக்கு மெல்லிய காவி நிறம் கொடுத்தேன். மேலுதட்டில் மட்டும் நிறப் பலகையில் ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் தாளின் வெண்மை.

பெரியம்மா தாளை இரண்டு கையாலும் வாங்கினார். யார் என்று கேட்கவில்லை. ஆள்காட்டி விரலால் அந்த வெள்ளைப் பட்டையைத் தொட்டார். "அமாவாசைக்கு மறுநாள்" என்றார். பிறகு உள்ளே போய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் அவர் எழுந்து வரவில்லை.

பன்னிரண்டு பிரதிகள் அடித்தேன். பன்னிரண்டோடு முடிக்கோடுகள் தேயத் தொடங்கின. கொய்யா இறுக்கமான மரம்தான், ஆனால் என் கை தலைமைச் செதுக்குநரின் கை இல்லை. பிரதிகளைப் பெரியப்பாவோடு ஆடியவர்களுக்குக் கொடுத்தேன். தப்பு அடித்தவருக்கு, பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு, எமன் வேடக்காரரின் மகளுக்கு. எமன் வேடக்காரரின் மகள், "எங்கள் அப்பாவையும் செய்து தருவீர்களா?" என்று கேட்டார். அந்த அப்பாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. மகளே எதிரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்துகொண்டிருக்கிறேன். நெற்றியில் தழும்பு இருந்ததாம், மையைத் தாண்டித் தெரியுமாம்.

அந்த மாசியில் ரதி கட்டியது பெரியப்பாவின் பேரன். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறான், வயது பத்தொன்பது. பதினைந்து நாள் விடுமுறை கேட்டிருக்கிறான், ஒன்பதுதான் கிடைத்தது. கம்பம் நட்ட பிறகுதான் வந்து சேர்ந்தான். அன்று மாலை நான் போனபோது இஸ்தோப்பில் கண்ணாடியைத் தூணில் சாத்திவைத்து மீசையை எடுத்துக்கொண்டிருந்தான். அதை வளர்க்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். கண்ணாடியின் சட்டத்தில் தாத்தாவின் படத்தைச் செருகியிருந்தான். ஒரு முறை வழித்தான். படத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான். அவன் உதட்டின்மேல் வெளுத்த பட்டை இல்லை. கடைக்குள்ளே வேலை செய்கிற பிள்ளை, வெயில் படாத முகம்.

"அத்தை, எனக்கு அது வரவில்லையே" என்றான்.

"உன் தாடை வந்திருக்கிறது" என்றேன்.

கையால் தடவிப் பார்த்தான். வெளியே காமன் பொட்டலில் தப்புக் காய்ச்ச நெருப்பு மூட்டியிருந்தார்கள். யாரோ ஒருவர் தோல் இறுகிவிட்டதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவன் மறுபடியும் சவர்க்காரத்தைக் குழைத்து, இரண்டாம் முறை வழிக்கத் தொடங்கினான்.